கிருபையின்ரை றப்பர் உடுப்பு

அந்தச் சீற்றிலை இருக்காதேங்கோ தங்கச்சி. ஆரோ சூயிங்கத்தைச் சப்பி ஒட்டிப்போட்டுப் போயிருக்கினம். பாருங்கோ, இன்னும் ஈரம். சீ! இஞ்சாலை வாங்கோ, எனக்குப் பக்கத்திலை இருங்கோ. இந்தப் பெரிக் கப்பலிலை நான் எப்பவும் சீற்றைத் துடைச்சுப்போட்டுத்தான் இருக்கிறனான். நோர்வேக்காரர் துப்புரவான ஆக்கள் எண்டு ஊரிலை சொல்லுவினம். வந்து பாத்தாத் தெரியும்.

லண்டனோ? அப்பிடியோ. முகத்தைக் கண்டவுடனை எங்கடை பிள்ளை எண்டு விளங்கீட்டுது. அதுதான் கூப்பிட்டனான்.

அங்கை பாருங்கோ, கண்ணாடிக்கு வெளியிலை. அந்தக் கல்லுக்கரையிலை கறுப்பு கறுப்பா நிக்குதெல்லே. மனிசர் தங்கச்சி, மனிசர். இந்தக் குளிருக்கை தண்ணிக்கு அடியிலை போகப்போகினமாம். என்னத்தைப் பாக்க? சேறும் நண்டும் பாக்க. அந்தக் கறுப்பு உடுப்பைக் கண்டாலே நான் முகத்தைத் திருப்பிப்போடுவன். காரணம் இல்லாமல் இல்லை. சொல்லுறன் கேளுங்கோ, அங்காலை போய்ச் சேர நேரம் கிடக்கு.

எனக்கு ஒரு தம்பி. குகதாசன் எண்டு பேர், வீட்டிலை தாசன். அம்மா நேரத்தோடை போனபடியால் நான்தான் அவனை வளத்தது. மூக்குச் சிந்தினது, பீத்துணி தோய்ச்சது எல்லாம் நான். இஞ்சை கூப்பிட்டு எடுத்ததும் நான். கோண்டாவில் பக்கம் நல்ல இடத்திலை ஒரு பெண்ணும் பாத்து வைச்சிருந்தனான். அவன் என்ன செய்தான்? ஆரோ ஒருத்தற்றை கலியாண வீட்டிலை கண்டு ஜெனிற்றாவைக் கட்டிப்போட்டான். பாசையூர்ப் பிள்ளை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவை. கடற்கரை ஆக்கள்.

நான் சாதி பாக்கிற ஆள் இல்லை தங்கச்சி, அதை முதல் சொல்லிப்போடவேணும். ஆனா அவையின்ரை வீட்டிலை எனக்குச் சாப்பாடு இறங்காது. மீன் வெட்டின கையாலை தேத்தண்ணி போடுவாள். கழுவித்தான் போடுறவள், நிண்டு பாத்தனான். எண்டாலும் அந்த வெடுக்கு மணம் போகாது கண்டியளோ. அங்கை போகேக்கை நான் என்ரை கோப்பையைக் கொண்டு போறனான். அவள் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அந்தக் கோப்பையிலையே ஊத்தித் தருவாள். ரோசம் இல்லாத பிறவி.

சரி, கதைக்கு வாறன். எங்கடை தமிழ்ச் சங்கத்திலை கிருபைநாதன் எண்டு ஒருத்தன். விளையாட்டுப் பொறுப்பாளர். வாயைத் திறந்தால் தான் சுழியோடின கதைதான். தண்ணிக்குக் கீழை அப்பிடி, தண்ணிக்குக் கீழை இப்பிடி. தான் சுழியோடுறதுக்கு ஒரு லைசென்ஸ் அட்டை வைச்சிருந்தவன், உண்மை. மற்ற ஆக்களைக் கொண்டுபோய்ப் பழக்கிறதுக்கு அட்டை வேறையாம். அது அவனிட்டை இல்லை. அது எங்களுக்குத் தெரியுமோ? நாங்கள் அவனை ஒரு பெரிய ஆளெண்டு நினைச்சம். என்னைக் கண்டால் 'அக்கா, உங்கடை வடை மாதிரி ஆரும் சுடேலாது' எண்டுவான். நல்ல பழக்கமான பெடியன் எண்டு நானும் நினைச்சன். இப்ப அவன்ரை முகத்தை நினைச்சாலே அருவருப்பா, அரியண்டமாக் கிடக்கு.

அந்த வருசம் வெயில் வரத் தொடங்கின உடனை கிருபை ஒரு அறிவித்தல் விட்டான். சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, மலைக்கு நடுவிலை கடல் உள்ளுக்கு வாற இந்த ஃபியோர்ட் கரையிலை ஒண்டுகூடலாம், கோழி வாட்டிச் சாப்பிடலாம், விரும்பின ஆக்கள் ட்றை சூட் போட்டுத் தண்ணிக்குக் கீழை போய்ப் பாக்கலாம். ட்றை சூட் எண்டால் விளங்குதே? றப்பர் மாதிரி ஒரு முழு உடுப்பு. கால் சப்பாத்தும் அதோடை ஒட்டினபடி. கழுத்திலையும் மணிக்கட்டிலையும் இறுக்கமான றப்பர். உள்ளுக்குக் கம்பளி உடுப்புப் போட்டு, மேலை அதைப் போட்டால் ஒரு துளி தண்ணி உள்ளுக்கு வராது. வரப்பிடாது. அதுதான் அதின்ரை வேலை.

தாசனுக்குப் போக மனமில்லை. அவனுக்கு நீச்சலே அரைகுறை. நான்தான் சொன்னனான், 'பெண்சாதி மீன்குஞ்சு மாதிரி நீந்துறாள், நீ துவாயைப் பிடிச்சுக்கொண்டு கரையிலை நிக்கிறாய், நல்ல வடிவா இருக்கு' எண்டு. பகிடிக்குத்தான். நாலு பேரும் சிரிச்சவை. அவன் உடனை எழும்பினான். போய்க் கிருபையிட்டைப் பேர் குடுத்திட்டான். பாத்தியளே, கிருபை என்ன செய்திருக்கவேணும்? 'உனக்கு நீந்தத் தெரியுமோ?' எண்டு கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. 'நீந்தத் தேவையில்லை தாசன், உடுப்பே உன்னை மிதத்தும்' எண்டவன். இப்பிடியும் ஒரு பொறுப்பில்லாத மனிசன்!

ஜெனிற்றா கேட்டவள், அதை நான் சொல்லத்தான் வேணும். ஒண்டுகூடல் அண்டைக்குக் காலமை, எல்லாருக்கும் முன்னாலை, 'அண்ணை, இதை முதல் நீச்சல் குளத்திலை பழக்கிறேல்லையோ? கடலிலையே நேரை இறக்கிறதோ?' எண்டு கேட்டவள். கிருபைக்கு முகம் கறுத்துப்போச்சு. நான்தான் அவளைத் தனிய இழுத்து, 'பெரிய மனிசரை நாலு பேருக்கு முன்னாலை கேள்வி கேக்கிறது உங்கடை ஊர்ப் பழக்கமோ?' எண்டு அடக்கினனான். அவள் கேட்டது நியாயம்தான். ஆனா கேட்ட விதம் எண்டு ஒண்டு இருக்கெல்லே.

இடம் எப்பிடித் தெரிவு செய்தவன் எண்டு நினைக்கிறியள்? இறங்க வசதியோ, ஆழம் எவ்வளவோ, அதொண்டும் இல்லை. மேசை போட வசதியான இடம். மலையிலை இன்னும் பனி கிடக்கு. தண்ணி கறுப்பெண்டால் கறுப்பு. மூண்டு பேர் பேர் குடுத்தவை. மூண்டு பேருமே முதல் தரம் இறங்கிறவை. இவன் ஒருத்தன் மூண்டு பேரையும் ஒண்டாக் கொண்டு போறானாம். கிளிநொச்சி பஸ்ஸிலை ஆள் ஏத்தின மாதிரி.

விளங்கப்படுத்தினதைக் கேளுங்கோ. நான் பக்கத்திலைதான் நிண்டனான். 'நெஞ்சிலை இந்தப் பொத்தானை அமத்தினால் உடுப்புக்குள்ளை காத்து வரும். இடது கையிலை இந்த மூடியாலை காத்து வெளியிலை போகும். பயம் வந்தால் நெஞ்சுப் பொத்தானை அமத்துங்கோ, மேலை வந்திடுவியள்.' அவ்வளவுதான். தேத்தண்ணி கொதிக்கிற நேரம்கூட எடுக்கேல்லை. நான் வீட்டிலை குக்கர் வாங்கேக்கை கடைக்காரன் இதைவிடக் கனக்கச் சொன்னவன்.

பிறகு உடுப்பு. ஐயோ, அந்த உடுப்பு. தாசன் மெலிஞ்ச ஆள், கட்டை. கிருபை கொண்டுவந்தது ஆரோ ஒரு நோர்வேக்காரனிட்டை இரவல் வாங்கின உடுப்பு. யானைக்குத் தைச்ச மாதிரி. காலிலை எல்லாம் தொளதொளவெண்டு தொங்குது. அந்த மணம்! பழைய வேர்வை, ஊத்தைச் சப்பாத்து, மூத்திரம். ஓம் தங்கச்சி, மூத்திரம். அதுக்குள்ளை நிண்டபடியே போயிருக்கினம் போலை, ஆர் கண்டது? நான் சால்வையாலை மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டனான். என்ரை தம்பி அதுக்குள்ளை காலை விடுறான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

அந்த உடுப்புக்குச் சிப் முதுகுப் பக்கம். ஒரு தோளிலை இருந்து மற்றத் தோள் மட்டும் குறுக்காலை போகும். போட்ட ஆளாலை தானே பூட்டேலாது, இன்னொருத்தர்தான் இழுத்துப் பூட்டவேணும். கிருபை தன்ரை தலையிலை கமரா பூட்டிறதிலை நிக்கிறான், வீடியோ எடுத்துப் போடவேணுமாம். அங்கை நிண்டு, 'அக்கா, தாசன்ரை சிப்பை ஒருக்கா இழுத்து விடுங்கோவன்' எண்டு கத்தினவன். என்னிட்டை! நான் என்ன சுழியோடியோ? நான் ஒரு பொம்பிளை, வடை கொண்டு வந்தனான்.

சரி எண்டு இழுத்தனான். அதிலை மெழுகு மாதிரி ஏதோ பூசி, பிசுபிசுவெண்டு கிடந்தது. ரெண்டு விரலாலை நுனியிலை பிடிச்சு, முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டு இழுத்தனான். முதல் லேசா வந்தது, கடைசியிலை இறுகிச்சுது. பிறகு வரேல்லை. வராட்டி முடிஞ்சுது எண்டுதானே அர்த்தம்? ஜெனிற்றா அவன்ரை மூக்குக்கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டவள். 'மச்சாள், சிப் கடைசி நுனி மட்டும் போயிட்டுதோ?' எண்டாள். 'எனக்குச் சிப் பூட்டத் தெரியாதோ? நீ பிறக்க முதல் நான் இவனுக்கு உடுப்புப் போட்டனான்' எண்டு சொல்லிப்போட்டு, கை கழுவப் போயிட்டன். சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவினனான்.

இதைக் கிருபை வந்து தன்ரை கையாலை தடவிப் பாத்திருக்கவேணும். பாக்கேல்லை. அதை நான் எங்கையும் சொல்லுவன். பொறுப்பெடுத்தவன் பாக்கவேணும்.

பிறகு போகேக்கை எனக்கு இன்னொரு வேலை தந்தான். 'அக்கா, நீங்கள் கரையிலை நிண்டு குமிழியைப் பாத்துக்கொண்டிருங்கோ. நாலு இடத்திலை வரவேணும். ஒரு இடத்திலை காணேல்லை எண்டால் கத்துங்கோ.' கத்தினால் தண்ணிக்குக் கீழை உனக்குக் கேக்குமோடா எண்டு கேட்டனான். சிரிச்சவன். பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுப்போட்டு, வாயிலை அந்தக் குழாயை வைச்சுக்கொண்டு இறங்கிப் போனான். பின்னாலை மற்ற ரெண்டு பேரும். கடைசியா என்ரை தம்பி. ஒருக்காத் திரும்பிப் பாத்தவன். என்னைப் பாத்தவனோ அவளைப் பாத்தவனோ தெரியாது.

நான் நிண்டனான் தங்கச்சி. நிக்கேல்லை எண்டு சொல்லாதேங்கோ. குமிழியைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். சோடாப் போத்தில் திறந்த மாதிரி அங்கையும் இஞ்சையும் வருது. அதிலை எது ஆரின்ரை எண்டு எப்பிடித் தெரியும்? அப்பதான் எனக்குப் பின்னாலை இருந்து ஒரு மணம் வந்தது. திரும்பிப் பாத்தால், சங்கத்துச் செயலாளற்றை மனிசி பவளம், கோழி வாட்டிற அதே கம்பியிலை மாட்டு இறைச்சி சொசேச்சைப் போட்டு வாட்டிறா! அதே கத்திரிக்கோலாலை அதையும் வெட்டி, கோழியையும் வெட்டிறா! சைவச் சனம் பாதி நிக்குது. கோழி தின்னுறவை எண்டாலும் மாடு தின்னுவினமோ?  நான் போகாமல் ஆர் போறது? நீங்கள் சொல்லுங்கோ. அவை ஒழுங்கா இருந்திருந்தால் நான் ஏன் அந்த இடத்தை விட்டு அரக்கிறன்?

போய் நல்லாக் குடுத்தனான். 'பவளம், உமக்கு அறிவில்லையோ, இது கோயில் கும்பிடுற சனம்' எண்டு கேட்டனான். அவா 'அலுமினியத் தாள் விரிச்சுத்தானே அக்கா போட்டனான்' எண்டு வாதாடுறா. தாள் விரிச்சால் சரியோ? நான் அந்தக் கத்திரிக்கோலைப் பறிச்சனான், கொண்டுபோய்க் கழுவுவம் எண்டு.

அப்ப ஒரு சத்தம் கேட்டது. மிருகம் கத்தின மாதிரி. ஜெனிற்றா.

அவள் மேசைப் பக்கமே வரேல்லை. அங்காலை ஒரு பாறையிலை ஏறித் தனிய நிண்டவள், தலை விரிச்சபடி, குளிருக்கை ஒரு சால்வைகூட இல்லாமல். எனக்கு அவள் அப்பிடி நிண்டதே பிடிக்கேல்லை. நான் திரும்பிப் பாக்க, அவள் பாறையிலை இல்லை. தண்ணிக்குள்ளை. சுரிதாரோடை, சப்பாத்தோடை பாய்ஞ்சிட்டாள். அவள் போற திசையைப் பாத்தன். தண்ணிக்கு மேலை ரெண்டு கால் நிக்குது. கால் மட்டும். கால் ரெண்டும் பலூன் மாதிரி ஊதிப்போய் நிக்குது. தலை இல்லை. தலை கீழை.

என்ரை தம்பியின்ரை கால் தங்கச்சி.

பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினவை, ஏன் அப்பிடி நடந்தது எண்டு. முதுகிலை சிப்பின்ரை ஓரத்தாலை தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. ஐஸ் தண்ணி முதுகாலை ஓட, அவன் வெருண்டுபோனான். கிருபை சொல்லிக் குடுத்த மாதிரியே நெஞ்சுப் பொத்தானை அமத்தினான், விடாமல் அமத்தினான். தலை குப்புற நிண்டபடியால் காத்தெல்லாம் காலுக்குப் போயிட்டுது. உடுப்பு அளவில்லாமல் பெருசெல்லே, காலிலை எவ்வளவு காத்தும் கொள்ளும். கையிலை இருக்கிற மூடி கீழை நிண்டால் காத்து எப்பிடி வெளியாலை போகும்? கால் மேலை, தலை கீழை, விறுவிறெண்டு மேலை வந்திட்டான். நிமிரத் தெரியாது. வாயிலை இருந்த குழாயும் கழண்டிட்டுது. ஒரு நல்ல ஆள் பக்கத்திலை இருந்திருந்தால் பிடிச்சு நிமித்தியிருப்பார், அது பெரிய வேலையே இல்லையாம். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் பக்கத்திலை நிக்கவேணுமாம் முதல் தரம். இவன் வீடியோ எடுத்துக்கொண்டு முன்னாலை போறான். பின்னாலை ஆள் வருதோ எண்டு பாக்கவுமில்லை.

ஜெனிற்றா அவனை ஒரு காலிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தாள். கரையிலை நிண்ட ஆம்பிளையள் முழங்கால் தண்ணி மட்டும் இறங்கித் தூக்கிப் போட்டவை. அவன்ரை முகம் நீலம். கழுத்திலை அந்த றப்பர் இறுகிக் கிடக்கு. கழட்டத் தெரியேல்லை ஒருத்தருக்கும். அவள் 'கத்திரிக்கோல், கத்திரிக்கோல்' எண்டு கத்தினாள். என்ரை கையிலைதான் இருந்தது. மாட்டுக் கொழுப்பு வடியுது அதிலை. அதை எப்பிடி அவன்ரை கழுத்திலை வைக்கக் குடுக்கிறது? தண்ணியிலை ஒருக்கா அலம்பிப்போட்டுக் குடுப்பம் எண்டு நான் குனிஞ்சனான். பறிச்சுப்போட்டாள்! என்ரை கையிலை கீறிப்போட்டுது. இஞ்சை பாருங்கோ, இந்தத் தழும்பு. மூத்தவள் எண்ட மரியாதை இல்லை.

கழுத்து றப்பரை வெட்டி, உடுப்பை நெஞ்சு மட்டும் கிழிச்சுக்கொண்டு போனாள். பிறகு அவன்ரை வாயிலை வாயை வைச்சாள். அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னாலை, நனைஞ்ச சுரிதார் உடம்போடை ஒட்டிக்கொண்டு கிடக்க. ஊதிறாள், நெஞ்சை அமத்திறாள், ஊதிறாள். ஆஸ்பத்திரியிலை வயசு போன ஆக்களைப் பாக்கிறது அவளின்ரை வேலை, அதாலை தெரிஞ்சிருக்கு. அவனுக்கு ஒண்டும் வரேல்லை. பிறகு வந்தது. சத்தி. உப்புத்தண்ணியும், காலமை தின்ன புட்டும், மூக்காலையும் வாயாலையும். அவள் என்ன செய்தாள் தெரியுமோ? விரலை விட்டு வழிச்சு எறிஞ்சுபோட்டு, சீலைத்துணிகூடத் தேடாமல், திரும்பவும் அதே வாயிலை வாயை வைச்சாள்.

என்னாலை பாக்கேலாமல் போச்சு. நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான். எனக்கும் சத்தி வந்திட்டுது. பவளம்தான் என்ரை முதுகைத் தடவினவா.

அவன் மூச்சு விட்ட சத்தத்தை நான் முதுகுக்குப் பின்னாலைதான் கேட்டனான். கரகரவெண்டு, கதவு திறந்த மாதிரி.

அப்ப ஆர் வாறார்? கிருபை. மற்ற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அங்காலை மேலை வந்து, விரலை வளைச்சு வட்டம் காட்டிறான், எல்லாம் சரி எண்டு. சிரிக்கிறான். தலையிலை கமரா. நாங்கள் எல்லாரும் நிக்கிற நிலையைக் கண்டாப்போலைதான் சிரிப்பு நிண்டது. கிட்ட வந்தான். தாசனைப் பாத்தான். 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டான்' எண்டான். பிறகு குனிஞ்சு பாத்திட்டு என்ன சொன்னான் தெரியுமோ?

'உடுப்பை ஏன் வெட்டினியள்? அது இரவல் உடுப்பு.'

தங்கச்சி, நான் என்ரை சீவியத்திலை எத்தினையோ ஊத்தையைக் கண்டிருக்கிறன். சண்டைக்கை பங்கருக்குள்ளை கிடந்தனான். ஆனா அந்தச் சொல்லு மாதிரி ஒரு ஊத்தையை நான் கண்டதில்லை. ஜெனிற்றா நிமிர்ந்து பாத்தவள்.  தாசன்ரை தலையை மடியிலை வைச்சபடி, நடுங்கிக்கொண்டு, அவனைப் பாத்த பார்வையிலை கிருபை ரெண்டடி பின்னாலை போனான்.

ஹெலிகொப்டர் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது. நுரையீரலுக்குத் தண்ணி போனபடியால் கனநாள் ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவை. தொண்டைக்குள்ளை விட்ட குழாயைக் கழட்டின அண்டைக்கு நான் கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டனான். கண்ணை முழிச்சு என்னைப் பாத்தான். பாத்துப்போட்டு, 'ஜெனி எங்கை?' எண்டான். வளத்தவள் முன்னாலை நிக்கிறன். சரி, போகட்டும்.

பொலிஸ் விசாரணை வைச்சது. ஒரு பொம்பிளைப் பொலிஸ், நல்ல மாதிரிக் கதைச்சவா. பழக்கிற தகுதி இல்லாதவன், அளவில்லாத உடுப்பு, குளத்திலை பழக்கேல்லை, மூண்டு பேருக்கு ஒருத்தன், கரையிலை வேலை தெரிஞ்ச ஒருத்தரையும் விடேல்லை, இறங்க முதல் ஒருத்தற்றை உடுப்பையும் தடவிப் பாக்கேல்லை. எல்லாத்தையும் அவா சொல்லச் சொல்ல நான் 'ஓம், ஓம்' எண்டு தலையாட்டினனான். அச்சொட்டா நான் நினைச்சதுதான். பிறகு கேட்டா, சிப் வலது தோள் ஓரத்திலை ஒரு விரல் அகலம் திறந்து கிடந்திருக்கு, அதை ஆர் பூட்டினது எண்டு.

ஞாபகம் இல்லை எண்டு சொன்னனான். அவ்வளவு சனம், அவ்வளவு அமளி, ஆர் எதைப் பூட்டினது எண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்? கிருபையைக் கேட்டிருக்கினம். தான் கமராவோடை நிண்டதாலை ஆர் செய்தது எண்டு பாக்கேல்லையாம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னதே அவனுக்கு நினைவில்லை, அவ்வளவு கவனம். தாசனுக்கு முதுகிலை கண் இல்லை. ஜெனிற்றாவைக் கேட்டவை. அவள் 'நான் கவனிக்கேல்லை' எண்டு சொன்னவளாம்.

பாத்தியளே? பக்கத்திலை நிண்டவள், கண்ணாடியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு. புருசனுக்கு ஆர் சிப் பூட்டினது எண்டுகூடப் பாக்காத பெண்சாதி. இப்பிடியும் ஒரு கவனயீனமோ? எனக்குக் கேட்ட உடனை மனம் விட்டுப்போச்சு. நான் அவளிட்டை அதைப் பற்றி ஒரு நாளும் கேக்கேல்லை. அவளும் என்னிட்டை ஒரு நாளும் கதைக்கேல்லை.

கிருபைக்குத் தண்டம் அடிச்சவை, இனி ஒருத்தரையும் தண்ணிக்குள்ளை கொண்டு போகப்பிடாது எண்டு தடையும் போட்டவை. அதாலை என்ன? சங்கத்திலை அடுத்த வருசமும் அவன்தான் விளையாட்டுப் பொறுப்பாளர். கை தட்டி எடுத்தவை! நான் அந்தக் கூட்டத்திலை எழும்பி வெளியிலை வந்திட்டன். இப்ப பூப்பந்து பழக்கிறானாம். 'ஒண்டும் நடக்கேல்லைத்தானே அக்கா, ஏன் இன்னும் கோவம்' எண்டு கடையிலை கண்டு கேட்டவன். அவன் தொட்ட வெண்டிக்காயை நான் வாங்கேல்லை.

இதைவிட ஒரு விசர்க்கதை கேளுங்கோ. தாசன் சுகமாகி வந்து, திரும்பவும் இதையே பழகினவன். ஓம், அவனும் அவளும். இந்த முறை ஒழுங்கான இடம். மாதக்கணக்கா நீச்சல், பிறகு குளத்துக்கை இந்த உடுப்போடை, பிறகுதான் கடல். 'ஏன்ரா, செத்துப் பிழைச்சது காணாதோ?' எண்டு கேட்டன். 'அக்கா, கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணிதான் தெரியுது. ஒழுங்கா ஒருக்கா இறங்கி, ஒழுங்கா ஏறி வந்தால்தான் எனக்கு நித்திரை வரும்' எண்டான். ஒருநாள் என்னையும் பாக்க வரச்சொல்லி நிண்டவை. பழக்கிறவர் ஒரு கிழவன், வெள்ளைத் தாடி. தாசன்ரை சிப்பை ஜெனிற்றா பூட்டினாள். பிறகு அந்தக் கிழவன் தன்ரை விரலை வைச்சு, ஒரு அந்தத்திலை இருந்து மற்ற அந்தம் மட்டும் மெல்லமாத் தடவிக்கொண்டு போனார். பிறகு அவளின்ரை விரலைப் பிடிச்சு அவளையும் தடவ வைச்சார். தாசனோடை அவர் மட்டும்தான் இறங்கினவர். கரையிலை இன்னொருத்தர், தானும் உடுப்புப் போட்டு ஆயத்தமா, தண்ணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிண்டவர். நான் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்க, திரும்பாமலே வேண்டாம் எண்டு கையைக் காட்டினவர். மரியாதை தெரியாத மனிசன்.

எனக்கு அங்கை நிக்க ஏலாமல் போச்சு. காருக்குள்ளை போய் இருந்திட்டன். ஏனெண்டு தெரியாது. அந்த உடுப்பின்ரை மணமாத்தான் இருக்கும்.

அந்தா, கரை தெரியுது. நான் இஞ்சைதான் இறங்கிறது. இப்ப அவை இங்கால் பக்கம்தான் இருக்கினம். எனக்கு முழங்காலிலை சத்திரசிகிச்சை செய்து இப்பதான் விட்டிருக்கினம். என்ரை மனிசன் போய்ச் சேர்ந்திட்டார், மகன் அமெரிக்காவிலை, ஆர் பாக்கிறது? ஏதாவது பராமரிப்பு நிலையத்திலை போய்க் கிடப்பம் எண்டுதான் நினைச்சனான். அவள் விடேல்லை. போன் எடுத்து, 'மச்சாள், நேரை எங்கடை வீட்டை வாங்கோ' எண்டாள். 'எனக்குக் கழுவித் துடைக்கவேணும், குளிப்பாட்டவேணும், கக்கூசுக்குத் தூக்கிவிடவேணும், புண்ணுக்கு மருந்து மாத்தவேணும், உனக்கு என்னைத் தொட அரியண்டமா இருக்காதோ?' எண்டு கேட்டன். நேரைதான் கேட்டன், எனக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை.

சிரிச்சவள் தங்கச்சி. 'உங்களைத் தொடவோ? எனக்கென்ன அரியண்டம்?' எண்டாள்.

அருவருப்பு எண்டு ஒரு சாமான் உடம்பிலை இல்லாமல் ஒரு மனிசி எப்பிடித்தான் சீவிக்கிறாளோ தெரியாது. யோசிச்சுப் பாத்தால் எனக்கு நித்திரை வாறதில்லை.

பெரி முட்டீட்டுது போலை. எல்லாரும் எழும்புகினம். இல்லை, இல்லை, நீங்கள் என்னைப் பிடிக்கவேண்டாம், விடுங்கோ. உங்கடை கை சுத்தம்தான், அதுக்குச் சொல்லேல்லை. அங்கை படியிலை எல்லாரையும் முந்தி ஏறி வாறாள், பாருங்கோ, தலை விரிச்சபடி, இந்தக் காத்துக்கை ஒரு சால்வை இல்லாமல்.

விடுங்கோ தங்கச்சி. அவள் பிடிப்பாள்.